ஐந்து பகுதிகள் தொலைந்த ‘தி ஸ்பேஸ் பைரேட்ஸ்’: பார்ப்பதா, கேட்பதா, படிப்பதா?

பிபிசியின் அறிவியல் புனைவுத் தொடரான பழைய ‘டாக்டர் ஹூ’வை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருபவர்கள் பலர் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். நாயகனான டாக்டர் வேடத்துக்கு இரண்டாவதாக வந்த பேட்ரிக் ட்ரௌட்டன் நடித்த கடைசிப் பருவம் அது, 1968-69. மொத்தம் 44 பகுதிகள். அதில் 37 இன்றும் இருக்கின்றன. ‘தி இன்வேஷன்’ கதையில் காணாமல்போன இரண்டு பகுதிகளையும் 2006-லேயே அசைபடமாக வரைந்து சேர்த்துவிட்டார்கள். மிச்சம் ஐந்து. அந்த ஐந்தும் ஒரே கதையைச் சேர்ந்தவை: ‘தி ஸ்பேஸ் பைரேட்ஸ்’. ஆறு பகுதிகள் கொண்ட இந்தத் தொடரில் இரண்டாவது மட்டும்தான் கையில் இருக்கிறது.

இதைத் தாண்டிவிட்டு நேராக அடுத்த கதையான ‘தி வார் கேம்ஸ்’ போய்விடலாமா, ஒலிப்பதிவைக் கேட்கலாமா, நாவலைப் படித்தால் போதாதா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாண்டாதீர்கள், அதேசமயம் ஒரே வழியைப் பிடித்துக்கொண்டு ஆறு பகுதிகளையும் முடிக்கவும் பார்க்காதீர்கள். இந்தத் தொடரின் முற்பாதி கண்ணுக்காக எடுக்கப்பட்டது, பிற்பாதி பெரும்பாலும் வசனத்தில் ஓடுவது. முற்பாதிக்கு உதவும் வழி பிற்பாதிக்கு உதவாது. ஏன் அப்படி என்பதற்குத்தான் கீழே உள்ள அலசல். கதையின் முடிச்சுகளை அவிழ்க்காமலே சொல்லப் பார்க்கிறேன்.

## முதலில், இது என்ன தொடர்?

1969 மார்ச் 8 முதல் ஏப்ரல் 12 வரை, ஆறு சனிக்கிழமைகளில் பிபிசியில் ஒளிபரப்பானது. முதல் பகுதி வந்த அன்று அப்பல்லோ 9 நிஜமாகவே பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. சந்திரனில் இறங்கப்போகும் கலத்தை விண்வெளியில் வைத்துச் சோதித்த பயணம் அது. அந்த நாளில் வீட்டில் உட்கார்ந்து இதைப் பார்த்தவர்களுக்கு, ஒரு கப்பல் மெதுவாக இன்னொன்றை நெருங்குவதே பரபரப்பான காட்சி. இன்று நமக்கு இழுவையாகத் தெரியும் பல இடங்களை அந்தக் கண்ணோடு பார்த்தால் நியாயம் புரியும்.

கதை எளிமையானது. ஆர்கோனைட் என்ற விலையுயர்ந்த உலோகம். அதனால் கட்டப்பட்ட வழிகாட்டி நிலையங்கள் விண்வெளியில் ஆங்காங்கே மிதக்கின்றன. ஒரு கொள்ளைக் கூட்டம் அவற்றை வெடிவைத்துத் துண்டாக்கி, உலோகத்துக்காக இழுத்துக்கொண்டு போகிறது. அவர்களைத் துரத்துகிறது விண்வெளிப் படை. அந்தப் படையின் தலைவர் ஜெனரல் ஹெர்மாக், மைலோ கிளான்ஸி என்ற கிழட்டுச் சுரங்கக்காரர்தான் கொள்ளையர் தலைவர் என்று சந்தேகப்படுகிறார். இதற்கு நடுவில் டாக்டரும் அவரோடு பயணிக்கும் ஜேமியும் ஸோயியும் தப்பான நேரத்தில் தப்பான நிலையத்தில் வந்து இறங்குகிறார்கள். நிலையம் துண்டாகிறது. இவர்கள் ஒரு துண்டில், டாக்டரின் கலமான டார்டிஸ் இன்னொரு துண்டில்.

எழுதியவர் ராபர்ட் ஹோம்ஸ். ‘டாக்டர் ஹூ’வுக்கு அவர் எழுதிய இரண்டாவது கதை இது. பின்னாளில் ‘டாக்டர் ஹூ’வின் ஆகச் சிறந்த எழுத்தாளர் என்று பலரும் சொன்ன மனிதர். ‘தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோஸானி’ வரை அவர் வளர்ந்து வந்த பாதையின் தொடக்கம் இங்கே தெரிகிறது. கிளான்ஸியைப் போல வாய்ச்சவடால் அடிக்கும், அரசாங்கத்தை மதிக்காத, ஆனால் மனசு நல்லதாக இருக்கும் பாத்திரங்கள் அவருக்குக் கைவந்த கலை. அதற்காகவாவது இதைத் தாண்டக்கூடாது என்பது என் கட்சி.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். நான்கு பகுதிகளுக்கு யோசித்த கதையை ஆறாக நீட்டச் சொன்னார்கள். நீட்டியது தெரிகிறது. முதல் பகுதியில் டார்டிஸ் வந்து இறங்குவதற்கே வெகுநேரம் ஆகிறது. அதுவரை கொள்ளையர்களும் படைக்காரர்களும்தான்.

தொலைந்தது எப்படி என்பது ‘டாக்டர் ஹூ’வின் பொதுக்கதைதான். அன்று வீடியோ நாடா விலை அதிகம், அழித்துவிட்டு அதிலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவார்கள். மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தம் வரம்பு போட்டிருந்தது. வண்ணத் தொலைக்காட்சி வந்தபின் கறுப்பு வெள்ளைப் படங்களை வாங்க ஆளில்லை. வெளிநாட்டுக்கு விற்கவென்று எடுத்த படச்சுருள்களையும் பிற்பாடு குப்பையில் போட்டார்கள். 1978 வாக்கில்தான் இந்த அழிப்பு நின்றது. 1960-களின் பகுதிகளில் 90-க்கும் மேல் இன்னும் கிடைக்கவில்லை. அந்த இழப்பு வரிசையில் கடைசிக் கதை இதுதான். இதற்கு அடுத்து வந்த ‘தி வார் கேம்ஸ்’ தொடங்கி ஒவ்வொரு பகுதியும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

## எதை வைத்து அளப்பது?

நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன்.

ஒன்று, கதை முழுதாகக் கிடைக்கிறதா. இரண்டு, நடிப்பு கிடைக்கிறதா. ட்ரௌட்டனைப் பொறுத்தவரை இது பெரிய கேள்வி, ஏனென்றால் அவருடைய நடிப்பில் பாதி முகத்திலும் கையிலும் இருக்கிறது. மூன்று, மாதிரிக் கப்பல்களின் காட்சிகள். இந்தத் தொடரில் அவைதான் அலங்காரம். அவற்றை இழந்தால் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். நான்கு, நம் பக்கத்துச் செலவு. பணம் மட்டுமில்லை. நேரம், வாங்கக் கிடைக்குமா என்ற அலைச்சல், அப்புறம் காதுக்கு ஆகும் சிரமம். இந்தக் கடைசியை ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நமக்கு அது முக்கியம்.

## வழி 1: மிஞ்சிய இரண்டாம் பகுதியை மட்டும் பார்ப்பது

சுமார் 25 நிமிடம். 2004-ல் வந்த ‘லாஸ்ட் இன் டைம்’ டிவிடி தொகுப்பில் இருக்கிறது. மூன்று வட்டுகளில், கூடவே இருந்த பகுதிகள் தொலைந்துபோய்த் தனித்து மிஞ்சிய 18 பகுதிகளைத் திரட்டித் தந்த தொகுப்பு அது.

இந்தப் பகுதியில் என்ன கிடைக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற வழிகளுக்கெல்லாம் இதுதான் அடிக்கல்.

முதலில் கிளான்ஸியின் கப்பல், லிஸ் 79. படைக்காரர்களின் வி-கப்பல் பளபளவென்று ஒழுங்காக இருக்க, இவருடையது ஓட்டை உடைசல். உள்ளே இவர் காலைச் சாப்பாட்டுக்குப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறார், ரொட்டி வாட்டும் கருவி மக்கர் செய்கிறது. அந்த நேரத்தில் ஜெனரல் கூப்பிடுகிறார். விண்வெளிப் படையின் தலைவர் திரையில் அதிகாரமாகப் பேச, எதிர்முனையில் இவருக்கு ரொட்டிதான் கவலை. கார்டன் கோஸ்டிலோவின் பெரிய மீசையும் அலட்சியமான உடல்மொழியும் இல்லாமல் இந்த முரண் பாதிதான் வேலை செய்யும். ஒலியில் கேட்டால் யாரோ கத்துகிறார் என்றுதான் தோன்றும்.

அப்புறம் டாக்டர், ஜேமி, ஸோயி மூவரும் அடைபட்டிருக்கும் துண்டு. காற்று குறைந்துகொண்டே வருகிறது. காந்த விசையால் மற்றத் துண்டுகளை இழுத்துச் சேர்த்துவிடலாம் என்று டாக்டர் முயல, விளைவு நேர்மாறாகப் போகிறது. மூச்சு வாங்க வாங்க ட்ரௌட்டன் நம்பிக்கையாக முகத்தை வைத்துக்கொள்ளும் விதத்தைப் பார்க்க வேண்டும். மற்ற இருவரும் பயந்துவிடக்கூடாதே என்று ஒரு சிரிப்பு, அவர்கள் திரும்பியதும் அது இறங்கிவிடுகிறது. தொலைந்த ஐந்து பகுதிகளிலும் அவர் இதுபோல என்னவெல்லாம் செய்திருப்பார் என்று நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

சுரங்க நிறுவனத்தின் தலைவி மேடலின் இஸிக்ரியாக லிசா டேனியலி வருகிறார். உலோகத்தில் வார்த்துவைத்தது போன்ற அந்தத் தலையலங்காரத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், பிறகு குரலை மட்டும் கேட்கும்போதும் அது கண்ணுக்குள் நிற்கும்.

மறைந்திருக்கும் செலவு என்ன? பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயர் பிரிட்டனுக்கு உள்ளே இருப்பவர்களுக்குத்தான். வெளியே இருந்தால் டிவிடி. பிரிட்டிஷ் வட்டு மண்டலம் 2, இந்தியா மண்டலம் 5. மண்டலப் பூட்டு உள்ள கருவி என்றால் வட்டைப் போட்டதும் திருப்பித் துப்பிவிடும். வாங்கும் முன் கருவியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தபால் செலவையும் சுங்க வரியையும் சேர்த்தால், 25 நிமிடத்துக்கு இது அதிகம். ஆனால் மற்ற 17 பகுதிகளும் அதே விலையில் வருகின்றன; ட்ரௌட்டனின் காலத்தை முழுதாகப் பார்க்க நினைப்பவருக்கு இது வீண் செலவு ஆகாது.

கதைக்காக இதை மட்டும் பார்ப்பது உதவாது. தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஜேமியின் மீது துப்பாக்கி திரும்பும் இடத்தில் பகுதி முடிந்துவிடும், நீங்கள் அங்கேயே நிற்பீர்கள். “எப்படி இருந்தது என்று தெரிந்தால் போதும்” என்பவருக்கு மட்டும் இது தனியாகப் போதும்.

## வழி 2: ஒலிப்பதிவு

1960-களில் சில ரசிகர்கள் தொலைக்காட்சி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து ஒவ்வொரு வாரமும் ஒலியைப் பதிவுசெய்தார்கள். வீடியோ கருவி யார் வீட்டிலும் இல்லாத காலம். மறுபடி கேட்க வேண்டும் என்ற ஆசை மட்டும்தான் காரணம். அதனால் இன்று நிலைமை இது: படம் தொலைந்த ஒவ்வொரு பகுதிக்கும் ஒலி இருக்கிறது, ஒன்றுகூட விடாமல். நிறுவனம் அழித்ததைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் காப்பாற்றினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

‘தி ஸ்பேஸ் பைரேட்ஸ்’ ஒலிப்பதிவு 2003-ல் குறுந்தகடாக வந்தது. வசனம் இல்லாத இடங்களில் என்ன நடக்கிறது என்று விளக்கிச் சொல்பவர் ஃப்ரேஸர் ஹைன்ஸ், அதாவது ஜேமியாக நடித்தவரே. 1969-ன் இளைஞன் ஜேமியும், முப்பத்துச் சொச்சம் வருடம் கழித்து அதே மனிதரின் முதிர்ந்த குரலும் மாறி மாறி வருவது தனி அனுபவம்.

### எங்கே தடுக்கிறது

முதல் பகுதியில். அதுவும் ஆரம்பத்திலேயே. கொள்ளையர்கள் நிலையத்துக்குள் நுழைகிறார்கள், வெடி வைக்கிறார்கள், வெளியேறுகிறார்கள், கப்பல் விலகுகிறது. பெரும்பாலும் பேச்சில்லாத காட்சி. இதற்கு டட்லி சிம்ப்சன் அமைத்த இசையில் மேரி தாமஸ் என்ற பாடகி வார்த்தையே இல்லாமல் உச்சஸ்தாயியில் ஆலாபனை செய்கிறார். படத்தோடு கேட்டால் வெற்றிடத்தின் தனிமை தெரியும். படம் இல்லாமல் கேட்டால் பாட்டும் இரைச்சலும் நடுநடுவே ஹைன்ஸின் விளக்கமும்தான். அதைத் தாண்டினால் ஹெர்மாக் தன் ஆட்களுக்கு நிலவரத்தை விளக்கும் நீண்ட பேச்சு. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் நிறுத்திவிட்டு, “போர்” என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். அந்த முத்திரைக்குப் பெரும் காரணம் கதை இல்லை, படம் இல்லாததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாவது தடை, கிளான்ஸியின் பேச்சு. அமெரிக்க மேற்குப் பகுதித் தங்கவேட்டைக்காரர் போல மெல்லுகிற, கொழகொழவென்ற உச்சரிப்பை ஒரு பிரிட்டிஷ் நடிகர் வரவழைத்துப் பேசுகிறார். 1969-ன் ஒற்றை ஒலித்தடத்தில், பின்னணியில் கப்பல் இரைச்சலோடு இதைப் பிடிப்பது சிரமம். ஆங்கிலப் படங்களை எழுத்துரை இல்லாமல் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கும் சில வரிகள் தப்பும். ரசிகர்கள் எழுதிவைத்த வசன உரை இணையத்தில் கிடைக்கிறது. பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு கேளுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கிளான்ஸியின் நக்கல்களில் ஒன்றைக்கூட விட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

### எங்கே எழுந்து நிற்கிறது

மூன்றாம் பகுதியிலிருந்து. டா என்ற கோளின் சுரங்கங்களுக்குள் கதை இறங்கியதும் ஒலி பலமாகிவிடுகிறது. இருட்டு, எதிரொலி, பூட்டிய கதவுகள். இருட்டில் நடக்கும் காட்சியைக் காதால் கேட்பதில் பெரிய இழப்பு இல்லை. நான்காம் பகுதியில் எனக்குப் பிடித்த ஒரு நொடி வருகிறது: கீழே விழுந்த டாக்டருக்குச் சுருக்கென்று குத்துகிறது; பார்த்தால் சட்டைப்பையில் அவரே போட்டுவைத்திருந்த டிராயிங் பின்கள். ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், அவருக்கு டிராயிங் பின் பிடிக்குமாம். ட்ரௌட்டன் அதைச் சொல்லும் தொனி ஒன்றே போதும், படம் வேண்டாம். அதே பகுதியில் ஒலியால் திறக்கும் பூட்டை இசைக்கவை ஒன்றை வைத்துத் திறக்கப் பார்க்கிறார். இது ஒலிநாடகத்துக்கென்றே எழுதியது போல் இருக்கிறது.

குரல்களும் கைகொடுக்கின்றன. ஹெர்மாக்காக வரும் ஜாக் மே, ‘தி ஆர்ச்சர்ஸ்’ வானொலித் தொடரில் நெல்சன் கேப்ரியலாகப் புகழ்பெற்றவர். மைக் முன்னால் ஒரு வாக்கியத்தை எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று தெரிந்தவர். கொள்ளையர் தலைவன் கேவனாக டட்லி ஃபாஸ்டர். குரலை உயர்த்தாமலே மிரட்டுகிறார். அவனிடம் வேலை பார்க்கும் டெர்விஷ் பயத்தில் வார்த்தைகளை விழுங்குவதும், அதை கேவன் ரசிப்பதும் காதிலேயே தெரிகின்றன. பிற்பாதியில் எஸ்மண்ட் நைட் வருகிறார். 1941-ல் பிஸ்மார்க் போர்க்கப்பலோடு நடந்த சண்டையில் காயப்பட்டுப் பார்வையிழந்து, பிறகு ஓரளவு மீண்டு, மறுபடியும் நடிக்க வந்தவர். எந்தப் பாத்திரம் என்று சொன்னால் முடிச்சு அவிழ்ந்துவிடும். அந்தக் குரலில் உள்ள நடுக்கத்தைக் கவனியுங்கள்.

இன்னொரு செலவு, நேரம். ஆறு பகுதிகள், கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம். பாத்திரம் கழுவிக்கொண்டோ வண்டி ஓட்டிக்கொண்டோ கேட்கிற சமாச்சாரம் இல்லை இது. முதல் தடவை கேட்கும்போது விளக்கத்தில் ஒரு வரி தவறினாலும் எந்தக் கப்பலில் யார் இருக்கிறார்கள் என்பது குழம்பிவிடும். ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொள்வது நல்லது. வாரம் ஒன்றாகத்தான் அன்று பார்த்தார்கள். ஒரே மூச்சில் கேட்டால் எந்த நீட்டப்பட்ட கதையும் சலிக்கும்.

## வழி 3: டெரன்ஸ் டிக்ஸின் நாவல்

தொடரின் திரைக்கதையையே நாவலாக்கியது, 1990-ல் டார்கெட் பதிப்பகத்தின் வெளியீடாக வந்தது. டெரன்ஸ் டிக்ஸ் அந்தப் பருவத்திலேயே ‘டாக்டர் ஹூ’ குழுவில் இருந்தவர், அடுத்த கதையான ‘தி வார் கேம்ஸ்’ஸை மால்கம் ஹல்க்குடன் சேர்ந்து எழுதியவர். டார்கெட் நாவல்களில் மிக அதிகமாக எழுதியவரும் அவர்தான்.

நூற்றைம்பது பக்கத்துக்குள் முடிந்துவிடும் புத்தகம். இரண்டு மாலை போதும். திரைக்கதையை விட்டு அதிகம் விலகாமல், சின்னச் சின்ன வாக்கியங்களில் ஓடுகிறது. முதல் பகுதியின் பேச்சில்லாக் காட்சிகள், ஒலிப்பதிவில் தடுமாற வைத்த அதே இடங்கள், இங்கே சில பக்கங்களில் தெளிவாகிவிடுகின்றன. யார் எந்தக் கப்பலில் இருக்கிறார்கள் என்ற குழப்பமே கிடையாது. கதை முழுதாகப் புரிய வேண்டும் என்பது மட்டும்தான் உங்கள் அளவுகோல் என்றால், இதை மிஞ்ச வேறு வழி இல்லை.

இழப்பு என்ன என்றால், டிக்ஸ் இங்கே புதிதாக எதையும் பெரிதாகச் சேர்க்கவில்லை. அவருடைய ஆரம்பகால நாவலாக்கங்களில் பாத்திரங்களின் பின்னணி, மனவோட்டம் என்று கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். இது வேகமாக, சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறது. கிளான்ஸியின் வசனம் எழுத்தில் நன்றாகப் புரிகிறது, ஆனால் கோஸ்டிலோ இல்லாத கிளான்ஸிக்குப் பாதி உயிர்தான்.

ஆங்கிலத்தைக் காதால் பிடிப்பதைவிடக் கண்ணால் படிப்பது எளிது என்பவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு. பழைய புத்தகமாகத்தான் தேட வேண்டியிருக்கும். அட்டை கிழிந்த பிரதியையும் சேகரிப்பாளர் விலைக்கு விற்பவர்கள் உண்டு. படிக்க மட்டும் என்றால் மலிவான பிரதிக்குக் காத்திருங்கள்.

## வழி 4: ரசிகர்கள் செய்த மீட்டுருவாக்கம்

ஒலிப்பதிவின் மேல் நிழற்படங்களை வரிசையாக ஓட்டி, அசையும் துண்டுகளை இடையிடையே சேர்த்து ரசிகர்கள் செய்த காணொளிகள். மற்றப் பல தொலைந்த கதைகளுக்கு இந்த முறை அருமையாகப் பொருந்தும். காரணம், ஜான் க்யூரா என்ற புகைப்படக்காரர் 1960-களில் தொலைக்காட்சித் திரையையே படம்பிடித்து விற்றுவந்தார். ஒரு பகுதிக்கு அறுபது எழுபது படம் வரை எடுப்பார். அந்தப் படங்கள் இருந்தால் கதையையே படக்கதை போல அடுக்கிவிடலாம்.

‘தி ஸ்பேஸ் பைரேட்ஸ்’ஸுக்கு அவர் எடுத்த படங்கள் இல்லை. க்யூரா 1969-ல் இறந்துபோனார். அதனால் இந்தக் கதையை மீட்டவர்களுக்குக் கிடைத்தது இரண்டாம் பகுதியின் காட்சிகள், முதல் பகுதிக்காகப் படச்சுருளில் எடுத்த சில துண்டுகள், கொஞ்சம் விளம்பரப் படங்கள், அவ்வளவுதான். மீதியை ஒட்டுவேலையால் நிரப்பியிருக்கிறார்கள். ஹெர்மாக்கின் அதே முகம் பத்து வசனத்துக்கு அசையாமல் நிற்கும். இரண்டாம் பகுதியில் வந்த கப்பல் ஷாட்டே திரும்பத் திரும்ப வரும். உழைப்பைக் குறை சொல்லவில்லை. இருப்பதை வைத்துத்தானே செய்ய முடியும்? ஆனாலும் இந்தக் கதைக்கு மட்டும், வெறும் ஒலியைக் கண்மூடிக் கேட்பது இதைவிட மேல் என்பது என் எண்ணம். யார் பேசுகிறார் என்று அடையாளம் காண முகம் தேவைப்படுபவர்களுக்கு மட்டும், முதல் பகுதிக்கு இது உதவும்.

கடையில் வாங்குகிற பொருள் இல்லை இது. உரிமை பிபிசியுடையது, இந்தக் காணொளிகள் தோன்றும், மறையும்.

## வழி 5: அசைபடம் வரட்டும் என்று காத்திருப்பது

தொலைந்த இன்னொரு கதையான ‘தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்’ 2016-ல் முழுதாக அசைபடமானதிலிருந்து இந்த ஆசை எல்லோருக்கும் வந்துவிட்டது. ‘தி மாக்ரா டெரர்’, ‘ஃப்யூரி ஃப்ரம் தி டீப்’, ‘தி ஈவில் ஆஃப் தி டாலெக்ஸ்’, ‘தி செலஸ்டியல் டாய்மேக்கர்’ என்று வந்து, 2025-ல் ‘தி சாவேஜஸ்’ஸும் வந்தது. அந்த வரிசையில் இது இல்லை.

ஒரு வகையில் இது அசைபடத்துக்கு ஏற்ற கதை. கப்பல்களைக் கணினியில் அழகாக நகர்த்தலாம், விண்வெளிப் படையின் உடைகள் எளிமையானவை. ஆனால் டாலெக், சைபர்மேன் போன்ற பெயர்பெற்ற எதிரி யாரும் கிடையாது, காட்சிக்கான ஆதாரப் படங்களும் குறைவு. பணம் போடுபவர் முதலில் கைவைக்கும் கதையாக இது தெரியவில்லை. காத்திருக்கலாம், ஆனால் காத்திருப்பதையே திட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

## ஒரு பார்வையில்

| வழி | கதை முழுமை | நடிப்பு | கப்பல் காட்சிகள் | சிரமம் |
|---|---|---|---|---|
| இரண்டாம் பகுதி | ஆறில் ஒன்று | முழுதாக | உண்டு | டிவிடி மண்டலம், தபால் செலவு |
| ஒலிப்பதிவு | முழுதும் | குரல் மட்டும் | இல்லை | கிளான்ஸியின் உச்சரிப்பு, இரண்டரை மணி நேரம் |
| நாவல் | முழுதும் | இல்லை | எழுத்தில் | பழைய பிரதி தேடுவது |
| ரசிகர் மீட்டுருவாக்கம் | முழுதும் | குரலும் அசையாத முகமும் | கொஞ்சம், திரும்பத் திரும்ப | நிலையாகக் கிடைக்காது |

## அப்படியானால் யார் எதை எடுப்பது?

ட்ரௌட்டனின் கதைகளை ஒவ்வொன்றாக முடித்துவருபவர் என்றால் கலந்து எடுங்கள். நாவலின் தொடக்கத்தை, நிலையம் வெடிக்கும் இடம் வரை படியுங்கள். அடுத்து இரண்டாம் பகுதியைத் திரையில் பாருங்கள். முகங்களும் கப்பல்களும் மனதில் பதிந்துவிடும். மூன்றிலிருந்து ஆறு வரை ஒலிப்பதிவு. இப்படிப் போனால் ஒலிப்பதிவின் மிகக் கடினமான 25 நிமிடத்தைத் தவிர்க்கிறீர்கள், கிளான்ஸி வாயைத் திறந்ததும் மீசை கண்ணில் தெரிகிறது, சுரங்கக் காட்சிகளைக் காது பார்த்துக்கொள்கிறது. முதல் பகுதியின் ஒலியைப் பிறகு, எல்லாம் முடிந்தபின் தனியாகக் கேளுங்கள். அப்போது மேரி தாமஸின் குரல் வேறு மாதிரி ஒலிக்கும், ஏனென்றால் கப்பல் எப்படி நகரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கதை மட்டும் தெரிந்தால் போதும், சீக்கிரம் ‘தி வார் கேம்ஸ்’ போக வேண்டும் என்பவருக்கு நாவல். பணம் செலவழிக்கவே மனமில்லை என்றால் வசன உரையை மட்டும் படித்தாலும் ஹோம்ஸின் எழுத்து கிடைத்துவிடும், அது சின்ன விஷயம் இல்லை. வானொலி நாடகம் கேட்டு வளர்ந்தவர்கள் நேராக ஒலிப்பதிவுக்கே போகலாம். காட்சியை மனதில் போட்டுக்கொள்ளும் பழக்கம் ஏற்கெனவே இருப்பதால் முதல் பகுதியும் அவர்களைத் தடுக்காது.

குழந்தைகளோடு பார்க்க நினைப்பவர்கள் இதைத் தொடக்கமாக வைக்க வேண்டாம். அதே பருவத்தில் முழுதாக இருக்கும் ‘தி மைண்ட் ராபர்’ ஐந்தே பகுதிதான், அங்கிருந்து தொடங்குங்கள்.

ஒலிப்பதிவைத் தேர்ந்தவர்களுக்குக் கடைசியாக ஒரு குறிப்பு. ஆறாம் பகுதியில் டாக்டர், ஜேமி, ஸோயி மூவரின் குரலும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே வரும். உங்கள் பிரதியில் கோளாறு என்று நினைத்துத் திரும்ப ஓட்ட வேண்டாம். அந்த வாரம் அவர்கள் மூவரும் ‘தி வார் கேம்ஸ்’ வெளிப்புறப் படப்பிடிப்பில் இருந்தார்கள். முன்கூட்டியே படமாக்கிய துண்டுகளில் மட்டும்தான் இந்தப் பகுதியில் வருகிறார்கள். மீதி நேரத்தை கிளான்ஸியும் படைக்காரர்களும் தாங்கிக்கொள்கிறார்கள்.